அப்பாவின் நாதஸ்வரத் தளம் முடங்கிவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வடபழனியிலிருந்து எழுதுகிறேன். அப்பா நாதஸ்வரக் கலைஞர். அவர் வாசித்து நாங்களே பதிவு செய்த 42 கேசட்டுகளை டிஜிட்டலாக்கி ஒரு சின்ன இணையதளத்தில் போட்டிருந்தேன். கேசட் அட்டையில் நீல மையில் அவர் எழுதிய ராகப் பெயர்களையும் படமெடுத்துச் சேர்த்தேன்.

போன வாரத்திலிருந்து வீட்டு பிராட்பேண்டில் தளம் திறக்கவில்லை. 'நீதிமன்ற உத்தரவுப்படி முடக்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரி வருகிறது. செல்போன் டேட்டாவில் திறக்கிறது! எங்கள் தளம் இருப்பது பலரும் பகிரும் சர்வர். அதில் ஏதோ திருட்டுப் படத் தளம் இருந்து, அந்த சர்வரின் ஐபி முகவரியையே (இணையத்தில் அதன் அடையாள எண்) அடைத்துவிட்டார்களோ என்று நினைக்கிறேன். அப்படி அடைத்தால் கூட இருப்பவர்களும் சேர்ந்துதான் மாட்டுவார்கள்.

புதுப்படத்தைத் திருடி ஏற்றுபவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் 2012-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி விமியோ என்ற வீடியோ தளத்தையே மொத்தமாக முடக்கினார்கள். அப்புறம் அதே நீதிமன்றம், திருட்டுப் படம் உள்ள குறிப்பிட்ட இணையப் பக்க முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று தெளிவுபடுத்தியது.

வாடிக்கையாளர் சேவைக்கு நான்கு முறை பேசிவிட்டேன். "மேலிருந்து வந்த உத்தரவு சார்" என்கிறார்கள். வழக்கு எண் கேட்டால் பதில் இல்லை.

அந்த உத்தரவின் நகலை எப்படி வாங்குவது? தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதலாமா, நேராக நீதிமன்றத்தில் மனு போட வேண்டுமா? இதில் அனுபவமுள்ள வக்கீல் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த மாதம் அப்பாவுக்குத் தலைத்திவசம். அதற்குள் அவர் வாசிப்பு எல்லோருக்கும் கேட்க வேண்டும்.