முழங்கால் வீக்கம், காய்ச்சல் அதிகமில்லை: ஊசி போட்டு நீர் எடுக்கத்தான் வேண்டுமா?

குட்டியம்மா: பையனுக்குப் பதினைந்து மாதம். மூன்று நாளாக வலது காலை ஊன்றவே மாட்டேன் என்கிறான். டயபர் மாற்றக் காலைத் தூக்கினால் அலறல், மற்ற நேரம் சிரிப்பும் விளையாட்டும்தான். முழங்கால் லேசாக வீங்கியிருக்கிறது. காய்ச்சல் 37.9, வெள்ளையணு 11,000, ஈ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 34. ஒரு டாக்டர் இன்றே மூட்டு நீர் எடுக்கணும் என்கிறார், இன்னொருவர் பொறுக்கலாம் என்கிறார்.

மூட்டுவைத்தியன்: பொறுக்கலாம். மூட்டில் சீழ் பிடித்திருக்குமா என்று மதிப்பிடும் கோச்சர் கணக்குப்படி காலை ஊன்றாதது, காய்ச்சல் 38.5க்கு மேல், ஈ.எஸ்.ஆர். 40க்கு மேல், வெள்ளையணு 12,000க்கு மேல் என நாலு விஷயம் பார்ப்போம். உங்கள் பையனுக்கு ஒன்றுதான் இருக்கிறது, சீழ் பிடித்திருக்க வாய்ப்பு 3 சதவீதம். இதற்காகப் பிஞ்சுக்கு மயக்க மருந்து கொடுப்பதா?

பிள்ளைவைத்தியன்: சார், அது 1999இல் பாஸ்டனில் இடுப்பு மூட்டுக்காகப் போட்ட கணக்கு, நீங்கள் அதை முழங்காலுக்குக் கொண்டுவருகிறீர்கள். ஆறு மாதம் முதல் நாலு வயது வரை கிங்கெல்லா கிங்கே என்ற கிருமி வரும், அது இப்படித்தான் சாதுவாக இருக்கும். காய்ச்சலும் ரத்தப் பரிசோதனையும் நம்மை ஏமாற்றிவிடும்.

மூட்டுவைத்தியன்: எத்தனையோ மூட்டு நீர் அனுப்பியிருக்கிறேன், எங்கள் லேபில் அந்தக் கிருமி ஒரு தடவைகூட வளர்ந்ததில்லை.

பிள்ளைவைத்தியன்: கிருமி வளர்க்கும் லேப் தட்டில் தடவினால் எங்கே வளரும்? இஸ்ரேலின் பீர்ஷெபாவில் யாகுப்ஸ்கி குழுவினர் மூட்டு நீரை நேராக ரத்த கல்ச்சர் (கிருமி வளர்க்கும்) பாட்டிலில் விட்டுப் பார்த்தார்கள், அதுவரை கண்ணில் படாத கிருமி வரிசையாக வளர்ந்தது. 1992இலேயே எழுதிவிட்டார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். செய்தால் இன்னும் நிறையவே பிடிபடும். கிருமி தெரியாமல் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் ஏற்றினால், கிங்கெல்லாவுக்கு அது கேட்காது, அப்புறம் அவதி.

மூட்டுவைத்தியன்: சரி, முழங்கால் என்பதால் ஒத்துக்கொள்கிறேன், ஊசி போடுவது சுலபம். இடுப்பாக இருந்தால் முதலில் ஸ்கேன், நாளைக்கு மறுபடி ரத்தம், அப்புறம்தான் ஊசி என்றிருப்பேன். ஸ்கேனில் நீர் இருப்பது தெரியுமே தவிர, அது சீழா இல்லையா என்று தெரியாது, அதுவும் உண்மைதான்.

குட்டியம்மா: இன்றைக்கே கூட்டிப்போகிறேன். முந்தாநாளிலிருந்து வீட்டில் இருந்த அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக் சிரப் கொடுக்கிறேன், தொடரலாமா?

மூட்டுவைத்தியன்: அம்மா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கோச்சர் மார்க்கே போட்டிருக்க மாட்டேன்! மருந்து உள்ளே போனதில்தான் காய்ச்சல் அடங்கியிருக்கிறதோ என்னவோ.

பிள்ளைவைத்தியன்: நீங்களாக இனி கொடுக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். எத்தனை வேளை, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். கல்ச்சரில் இனி ஒன்றும் வளராமல் போகலாம், பி.சி.ஆருக்கும் கொஞ்சம் நீர் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.