22 நாள் குழந்தை: பகலில் தூக்கம், இரவில் முழிப்பு

பொங்கோல்_புது_அம்மா:
வணக்கம். மகன் பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவு 12 மணிக்குமேல் கொட்டக்கொட்ட முழித்திருக்கிறான். ஸ்பிரிங் சாரோங்கில் (ஸ்பிரிங்கில் தொங்கும் துணித் தொட்டில்) ஆட்டினால்தான் கண் அசருகிறான். கட்டிலில் கிடத்தினால் உடனே அழுகை. இரவு முழுக்க சாரோங்கிலேயே விடலாமா? பச்சைப்பயற்று உமித் தலையணையை நெஞ்சின்மேல் வைத்தால் திடுக்கிடாது என்கிறார் அத்தை. பத்தியக் காலம் என்பதால் அறையில் திரைச்சீலையும் மூடியே இருக்கிறது.

ஈசூன்_தாதி:
முதலில் திரையைத் திறங்கள்மா. பகல் எது, இரவு எது என்று உடம்புக்குத் தெரியவே 6 முதல் 12 வாரம் ஆகும். அதைச் சொல்லிக்கொடுப்பது வெளிச்சம்தான். நம் சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏழு மணியையொட்டி விடிகிறது, ஏழு மணியையொட்டி இருட்டுகிறது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் ஜன்னலோரம், நேர்வெயில் படாமல். பகலில் மிக்ஸி, தொலைக்காட்சிச் சத்தம் இருந்தால் இருக்கட்டும். மூன்று மணி நேரத்துக்குமேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுங்கள். இரவில் சின்ன மஞ்சள் விளக்கு, பேச்சுக் கொடுக்காமல் பால், மலம் போயிருந்தாலோ நனைந்து கனத்திருந்தாலோ மட்டும் டயப்பர் மாற்றம்.

இந்த வயதில் முழித்திருக்கும் நேரமே 45 நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி. கொட்டாவியும் வெறித்த பார்வையும் வந்தால் கிடத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் களைத்துப்போய் இன்னும் அழுவான். நாள் முழுக்கச் சேர்த்து 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் இயல்பு.

தொட்டில்_துணை:
சாரோங்கில் இரவு முழுக்க வேண்டவே வேண்டாம். பாரத்தில் துணி குழிந்து முகவாய் நெஞ்சில் முட்டும். கழுத்தைத் தூக்கத் தெம்பில்லாத பிள்ளைக்கு மூச்சுக்குழல் அடைபடும், சத்தம்கூட வராது. யாராவது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு ஆட்டுவதோடு நிறுத்துங்கள். உமித் தலையணையும் வேண்டாம், முகத்துக்கு நழுவும்.

கட்டிலுக்கு மாற்றுவதில் கைப்பக்குவம் இருக்கிறது. கண் செருகியதும் ஆட்டத்தைக் குறைத்து நிறுத்துங்கள். இமை துடிப்பதும் உதடு சப்புவதும் அடங்க 15, 20 நிமிடம் ஆகும். கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழ வேண்டும், அப்போது எடுங்கள். கிடத்தும்போது முதலில் புட்டம், பிறகு முதுகு, கடைசியில் தலை. தலையை முதலில் தாழ்த்தினால் விழுவதுபோல் உணர்ந்து கையை விரித்து அலறுவான். உள்ளங்கையை ஒரு நிமிடம் நெஞ்சில் வைத்திருந்து மெல்ல எடுங்கள். இரவின் முதல் தூக்கத்தில் மட்டும் தொடங்குங்கள், அது பழகியதும் மற்றவை.

மல்லாக்கத்தான் படுக்கை. கெட்டியான சமதள மெத்தை, ஓரத்தில் இரண்டு விரலுக்குமேல் இடைவெளி கூடாது. தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம். துணியால் சுற்றினால் இடுப்பும் காலும் தளர்வாக இருக்கட்டும். புரளப் பார்க்கும் நாளிலேயே சுற்றுவதை விட்டுவிடுங்கள். ஏர்கான் 24–26 டிகிரி போதும். சூட்டைப் பிடரியில் தொட்டுப் பாருங்கள், கைவிரல் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

பொங்கோல்_புது_அம்மா:
நன்றி அக்கா. தூக்கத்தில் முனகுகிறான், நெளிகிறான். உடனே தூக்க வேண்டுமா?

ஈசூன்_தாதி:
வேண்டாம். பிறந்த பிள்ளையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படித்தான், கண் மூடியபடி நெளியும். அதில் தூக்கினால் நாம்தான் எழுப்பிவிடுகிறோம். ஒரு நிமிடம் பாருங்கள், அழுகையாக மாறினால் எடுங்கள்.

ஆனால் எழுப்பியும் பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினால், கண்ணும் தோலும் மஞ்சளாகத் தெரிந்தால், அன்றைக்கே பலதுறை மருந்தகம். 38 டிகிரி காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவு.

தொட்டில்_துணை:
மஞ்சள் என்றதும் ஒன்று. சுகாதாரப் புத்தகத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) சோதனை முடிவைப் பாருங்கள். இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைச் சோதிக்கிறார்கள். குறைபாடு என்றிருந்தால், அலமாரியில் அந்துருண்டையோடு மடித்து வைத்த பழைய சாரோங்கையோ சேலையையோ தொட்டிலுக்கு எடுக்காதீர்கள். அந்த வாடையே சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சளை ஏற்றிவிடும். புதுத்துணி வாங்கிக்கொள்ளுங்கள்.