‘ஃபஸ்டிகேட்’: தடி எங்கே போவது?

நம் குழுவின் ஆங்கில-தமிழ் அகராதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஃபஸ்டிகேட்’ (fustigate) என்ற ஆங்கிலச் சொல் மட்டும் தமிழ் கிடைக்காமல் தொங்குகிறது. தடியால் அடிப்பது நேர்ப்பொருள். ஒருவரை எழுத்தில் கிழிப்பது வழிப்பொருள். இரண்டுக்கும் ஒரே வினை வேண்டும், அதிலிருந்து தொழிற்பெயரும் செய்வோர் பெயரும் கிளைக்க வேண்டும்.

*

‘கடுமையாக விமர்சி’ போதாதா?

*

வடசொல். அதைவிடப் பெரிய குறை, அதில் தடியே இல்லை. இலத்தீனில் ‘ஃபூஸ்டிஸ்’ என்றால் தடி. உரோமப் படையில் இரவுக் காவலில் தவறியவனைப் படைத்தலைவர் தடியால் இலேசாகத் தொடுவார். உடனே பாசறையே தடியும் கல்லுமாக அவன்மேல் விழும். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விவரமாக எழுதியிருக்கிறார். தடியையே வினையாக்குவோம். திருமுருகாற்றுப்படையில் ‘மாமுதல் தடிந்த’ இருக்கிறதே!

*

ஐயா, அங்கே மாமரம் வெட்டுப்பட்டது, அடிபடவில்லை. தடிந்தான் என்றால் வெட்டினான்; தடித்தான் என்றால் பருத்தான். ‘விமர்சகர் நூலைத் தடித்தார்’ என்று மாணவர் எழுதினால் மதிப்பெண் யார் தருவது? ‘தடியடி’ என்றாலோ போலீஸ்தான் கண்முன் நிற்கும். ‘சாடு’ போடுங்கள். நாளிதழில் தினமும் வருகிறது. சாடல், சாடுநர் என்று கிளைக்கும்.

*

சாட்டையும் சாடுவில் பிறந்ததுதானே? அடிக்கும் கருவி அதிலேயே இருக்கிறது!

*

சாட்டு, சாற்று, சாத்து என்று இழுத்தால் கோயில் மாலை வரை போகலாம். நம் சிக்கல் வேறு: கடுமையாகத் திட்டுவதைக் குறிக்கும் ‘லாம்பேஸ்ட்’ (lambaste), ‘காஸ்டிகேட்’ (castigate) இரண்டுக்கும் ஏற்கெனவே ‘சாடு’ கொடுத்தாயிற்று. மூன்றாவதும் அங்கேயே போனால் அகராதி எதற்கு?

*

பாரதியின் புதிய ஆத்திசூடியில் ‘நையப் புடை’ உண்டு. அடியும் வசையும் இரண்டும் அதற்குள் அடங்கும். முறத்தில் புடைத்தால் பதர் பறக்கும், மணி நிற்கும். நல்ல விமர்சனத்துக்கு வேறென்ன வேண்டும்?

*

கன்னம் புடைத்தது, கன்னத்தைப் புடைத்தான்: வடிவம் ஒன்றே. ‘நைய’ இல்லாமல் பொருள் நிற்காது. சேர்த்தால் ‘நையப்புடைப்போர்’, எங்கள் இரண்டு பத்தி அமைப்பில் வரி உடைகிறது. ‘தோலுரி’ எப்படி?

*

அது ‘எக்ஸ்கோரியேட்’டுக்கு (excoriate) உரியது, அந்தச் சொல்லின் இலத்தீன் வேரிலேயே தோல் இருக்கிறது. தமிழில் தோலுரித்துக் காட்டுவது வேடத்தைக் கலைப்பது, அடிப்பது அல்ல.

*

வாக்குகள்: நையப்புடை 5, சாடு 3, தடி 1. இப்படிப் போகிறது: ஃபஸ்டிகேட்: 1. தடியால் அடி 2. நையப்புடை. செய்வோர் பெயர் இப்போதைக்கு வேண்டாம்.

*

ஒரே வினை கேட்டுவிட்டு இரண்டாகப் பிரித்துவிட்டீர்கள். என் எதிர்ப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். தடிந்தான் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.