ஏ மைனர் பேக்கிங் டிராக்ல மூணாவது பார் வந்தாலே சோலோ கசக்குது, என்ன தப்பு பண்றோம்?

மாடிரூம் கிடார்:

வணக்கம். நாங்க நாலு பேரு, எல்லாருமே வேலைக்குப் போறவங்க, ஞாயித்துக்கிழமை காலைல தாம்பரத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல கூடி வாசிக்கிறோம். ரெண்டு எலக்ட்ரிக் கிடார், ஒரு பேஸ், ஒரு கீபோர்டு. டிரம்ஸுக்கு ஆள் இல்ல, அதனால நானே லேப்டாப்புல ஒரு பேக்கிங் டிராக், அதாவது மேல சோலோ வாசிக்க ஒரு பின்னணி, செஞ்சேன். டெம்போ 80 (நிமிஷத்துக்கு 80 பீட்டு), நாலு நாலு பீட்டா நாலு பார், திரும்பத் திரும்ப வர்ற லூப், கார்டு வரிசை ஏ மைனர், டி மைனர், இ செவன், மறுபடி ஏ மைனர், ஒவ்வொண்ணும் ஒரு பார். டிரம்ஸ் சாம்பிள் போட்டு, அதுமேல என் அக்கூஸ்டிக்ல ஸ்டிரம் பண்ணி சேர்த்திருக்கேன்.

ஏ மைனர் பென்டடானிக் (அஞ்சு நோட்டு ஸ்கேல்) அஞ்சாவது ஃப்ரெட் ஷேப் எங்க எல்லாருக்கும் தண்ணி பட்ட பாடு, அதை வச்சுதான் சோலோ வாசிக்கிறோம், முதல் ரெண்டு பார் நல்லாவே போகுது, மூணாவது பார் வந்ததும் ஏதோ புளிச்ச மாதிரி ஆகிடுது. முக்கியமா ரெண்டாவது கம்பி எட்டாவது ஃப்ரெட்ல நின்னா காதுல குத்துது, ஆனா அதே நோட்டு முதல் பார்ல அவ்வளவு இனிமையா இருக்கு. டியூனர் வச்சுப் பார்த்துட்டோம், கம்பியும் புதுசு.

இன்னொண்ணு, போன வாரம் தனியா உக்காந்து லேப்டாப்புல ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன், என் கிடார் முழுக்க டிராக்குக்குப் பின்னாடியே இழுத்துக்கிட்டு வருது. வாசிக்கும்போது கரெக்டா இருந்த மாதிரிதான் இருந்துச்சு.

இதெல்லாம் விட, நாங்க வாசிக்கிறது ஸ்கேல் பிராக்டிஸ் மாதிரியே கேக்குது. எங்கள்ல ஒருத்தன் இப்பல்லாம் அவன் முறை வந்தா "நீயே வாசிடா"ன்னு ஒதுங்கிடுறான். அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

ஆறு கம்பி:

ப்ரோ, பென்டடானிக்ல அஞ்சு நோட்டுதானே, அதை விட்டுட்டு முழு மைனர் ஸ்கேல் போடுங்க, சரியாகிடும்.

மாடிரூம் கிடார்:

இப்பதான் போட்டுப் பார்த்தேன் ப்ரோ. டி மைனர்ல எஃப் நோட்டு அருமையா உக்காருது, நன்றி. இ செவன்ல மட்டும் அதே கசப்பு அப்படியே இருக்கு.

பேஸ் பக்கம்:

தம்பி, கை தப்பு பண்ணல, டியூனிங்கும் தப்பில்ல. இ செவன் கார்டைப் பிரிச்சுப் பாருங்க: இ, ஜி ஷார்ப், பி, டி. நீங்க நிக்கிற அந்த ரெண்டாவது கம்பி எட்டாவது ஃப்ரெட் வெறும் ஜி, ஜி ஷார்ப்புக்கு அரை ஸ்டெப் கீழ. உங்க அக்கூஸ்டிக்ல ஓப்பன் இ செவன் பிடிச்சிருந்தா மூணாவது கம்பி முதல் ஃப்ரெட்ல ஜி ஷார்ப் கணகணன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், அதுமேல நீங்க ஜி-யைப் பிடிச்சு நிறுத்துறீங்க, ஆக்டேவ் வேறயா இருந்தாலும் உரசத்தான் செய்யும். முழு மைனர் ஸ்கேல்லயும் அதே ஜி தான் இருக்கு, அதனாலதான் ஸ்கேல் மாத்தியும் தீரல. ப்ளூஸ் வாசிக்கிறவங்க இந்த உரசலை வேணும்னே வச்சுக்குவாங்க, ஆனா தொட்டுட்டு நகர்ந்துடுவாங்க, இல்லன்னா கம்பியை லேசா இழுத்து பெண்ட் பண்ணுவாங்க. நின்னாதான் குத்தும்.

இதைப் பண்ணிப் பாருங்க. டி மைனர் பார்ல ரெண்டாவது கம்பி ஆறாவது ஃப்ரெட், அது எஃப். இ செவன் வந்ததும் நாலாவது கம்பி ஆறாவது ஃப்ரெட், அதுதான் ஜி ஷார்ப். ஏ மைனர் விழும்போது அதே கம்பில ஏழாவது ஃப்ரெட்டுக்கு ஏறுங்க, ஏ. பாருக்கு ஒரே நோட்டு, ஒரு வாரத்துக்கு வேற எதுவும் வேணாம். கார்டு மாறுறது கையில தெரிய ஆரம்பிக்கும். வேகமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

வயலின் வீடு:

நான் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவ, கிடார் என் பையன் வாசிக்கிறான், அவனுக்கும் இதே சிக்கல் வந்துச்சு. உங்க ஏ மைனர் பென்டடானிக்கை ஏ-யை ஷட்ஜமா வச்சுப் பாடுங்க, ச க ம ப நி, அது சுத்த தன்யாசி ராகம். முழு மைனர் ஸ்கேல் நடபைரவி. ஆனா உங்க டிராக் இ செவனுக்குப் போகும்போது கீரவாணிக்குப் போயிடுது. நீங்க கைசிகி நிஷாதத்துல (ஜி) நிக்கிறீங்க, டிராக் காகலி நிஷாதத்தைப் (ஜி ஷார்ப்) பாடுது, அவ்வளவுதான் விஷயம். நம்ம காதுக்கு கீரவாணி புதுசு இல்லையே, எத்தனை சினிமாப் பாட்டுல கேட்டிருப்போம், கிடாரை ஓரமா வச்சுட்டு டிராக்கைப் போட்டு வாயால பாடிப் பாருங்க, மூணாவது பார்ல உங்க குரல் தானா ஜி ஷார்ப்புக்குப் போகும்னு நினைக்கிறேன். குரல் போற இடத்துக்கு விரலைக் கொண்டு போங்க.

ஸ்கேல் பிராக்டிஸ் மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கும் பாடுறதுதான் வழி. பாடினா மூச்சு விட்டாகணும், மூச்சு விடுற இடத்துல வாக்கியம் முடியும். விரலுக்கு மூச்சு வாங்காது, அதனால ஓடிக்கிட்டே இருக்கும். பி.பி. கிங் கச்சேரி வீடியோ பாருங்க, அவர் பாடும்போது கிடார் சும்மா இருக்கும், பாட்டு வரி முடிஞ்ச பிறகு கிடார் பதில் சொல்லும்.

ஒதுங்கிப் போற அந்தத் தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். கச்சேரில தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துல மிருதங்கமும் கடமும் மாத்தி மாத்தி வாசிக்கும்போது குறைப்புன்னு ஒண்ணு வரும், முழுசா ஒரு சுத்து அவர், ஒரு சுத்து இவர், அப்புறம் அதுல பாதி, அதிலயும் பாதின்னு சுருங்கிக்கிட்டே போகும். நீங்களும் ஆளுக்கு நாலு பார், அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணுன்னு வாசிங்க. ஒரு நிமிஷம் தனியா வாசின்னா யாருக்கும் பயமாதான் இருக்கும். முன்னாடி வாசிச்சவர் கடைசியா விட்ட ரெண்டு நோட்டை எடுத்து பதில் சொல்லுன்னா வாசிச்சிடுவாங்க.

ஒயர் போதும்:

ரெக்கார்டிங் பத்தி யாரும் சொல்லல. ரெக்கார்ட் பண்ணும்போது டிராக்கை எதுல கேட்டீங்க?

மாடிரூம் கிடார்:

ப்ளூடூத் ஹெட்செட்ல சார். கிடார் ஆம்ப்ல போச்சு, முன்னாடி மைக் வச்சேன்.

ஒயர் போதும்:

அதேதான் காரணம். ப்ளூடூத்ல சத்தம் காதுக்கு வர 150, 200 மில்லிசெகண்ட்கூட ஆகும். டெம்போ 80-ன்னா ஒரு பீட்டு 750 மில்லிசெகண்ட், அதுல கால்வாசி 187. அதாவது கிட்டத்தட்ட கால் பீட்டு லேட்டா வந்த டிரம்ஸைக் கேட்டு நீங்க சரியா வாசிக்கிறீங்க, லேப்டாப்பு அதைத் தன் கணக்குல லேட்டா எழுதிக்குது. உங்க டைமிங்ல குறை இல்ல, கவலைப்படாதீங்க. ஒயர் ஹெட்போன் மாட்டுங்க, ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிடார், மைக்கை லேப்டாப்போட இணைக்கிற பெட்டி) இருந்தா பஃபர், அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்புற சாம்பிள் எண்ணிக்கை, 256 வைங்க, 44,100 சாம்பிள் ரேட்ல அது 6 மில்லிசெகண்டுகூட வராது. ரூம்ல எல்லாரும் ஒரே ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிக்கிறதுல பிரச்சனை இல்ல, லேட்டானாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் லேட்டு.

பழைய டேக்கை, அதாவது அந்த ரெக்கார்டிங்கை, அழிச்சுடாதீங்க. அலை வடிவத்தைப் பெருசாக்கி, முதல் நோட்டு எந்த கிக் டிரம் அடி மேல விழணும்னு பார்த்து, மொத்தத்தையும் முன்னாடி நகர்த்துங்க. இனிமே ஒவ்வொரு டேக்லயும் கவுண்ட் வரும்போது கம்பியை மியூட் பண்ணி நாலு தட்டு தட்டிட்டு ஆரம்பிங்க, அந்தத் தட்டு அடையாளத்துக்கு உதவும்.

பேஸ் பக்கம்:

டிராக்கையும் கொஞ்சம் திருத்துங்க தம்பி. நாலு பார் லூப்புன்னா 12 செகண்டு, அதையே பத்து நிமிஷம் கேட்டா மனசுல என்ன தோணும்? 24 பாரா நீட்டி, கடைசி நாலு பார்ல டிரம்ஸை மாத்துங்க, சோலோவை எங்க ஏத்தி எங்க முடிக்கணும்னு வழி தெரியும். ஸ்டிரம் டிராக்கை ஒரு ஓரமா பேன் பண்ணுங்க (இடது இல்லன்னா வலது ஸ்பீக்கர் பக்கம் தள்ளுங்க), நடுவுல சோலோவுக்கு இடம் கிடைக்கும். ஜேமி ஏபர்சோல்ட் 1967-ல இருந்து ஜாஸ் பழகுறவங்களுக்காகப் போட்ட ரெக்கார்டுகள்ல பேஸ் ஒரு பக்கம், பியானோ மறு பக்கம் இருக்கும், பேஸ் வாசிக்கிறவன் அந்தப் பக்கத்தைக் குறைச்சுட்டு தானே வாசிச்சுக்கலாம். உங்க கீபோர்டுகாரர் வந்த அன்னைக்கு ஸ்டிரம்மை முழுசா மியூட் பண்ணிட்டு கார்டை அவரையே பிடிக்கச் சொல்லுங்க. ஆள் பிடிக்கிற கார்டுக்கு மேல வாசிக்கிற சுகம் லூப்ல வராது.

மாடிரூம் கிடார்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு வாசிச்சோம். முதல்ல அரை மணி நேரம் யாரும் கிடாரைத் தொடல, எல்லாரும் பாடினோம், அக்கா சொன்ன மாதிரியே மூணாவது பார்ல நாலு பேர் குரலும் அந்த ஜி ஷார்ப்புக்குதான் போச்சு. அப்புறம் பாருக்கு ஒரு நோட்டு. ஒதுங்கிக்கிட்டிருந்த நண்பன் நாலாவது கம்பி ஆறாவது ஃப்ரெட்ல விரலை வச்சு, இ செவன் பார் முழுக்க அதே நோட்டை லேசா ஆட்டிக்கிட்டே நின்னான், ஏ மைனர் விழுந்த நேரத்துல ஏழுக்கு ஏறினான். கீபோர்டுல இருந்தவர் கையை எடுக்காமலே நிமிர்ந்து அவனைப் பார்த்தார். இன்னொரு தடவைன்னு அவனே கேட்டான், எனக்கு அது போதும்.

அடுத்த வாரம் குறைப்பு வாசிக்கப் போறோம். கிடார் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசிக்கும்போது நாலு பார் லூப்ல ஏதாவது சிக்கல் வருமா?

வயலின் வீடு:

ஒண்ணு வரும். ஆளுக்கு ரெண்டு பார் ஆகும்போது இ செவன் எப்பவும் ரெண்டாவது ஆளுக்கே விழும், ஒரு பார் ஆகும்போது எப்பவும் முதல் ஆளுக்கே விழும். அதனால ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் ஆரம்பிக்கிறவரை மாத்திக்கோங்க, ஜி ஷார்ப் ரெண்டு பேருக்கும் கிடைக்கட்டும்.