முகம் தெரியாத யூனியன்காரர்கள் நமக்காக நின்றபோது

ஆயிலர் (திரியைத் தொடங்கியவர்)

வேற்று நாட்டுத் தொழிற்சங்கத்தால் உதவி பெற்றவர்களும் செய்தவர்களும் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

எங்கள் கப்பலின் கொடி ஒரு நாட்டுக்கு உரியது. முதலாளி இன்னொரு நாட்டில், ஆள் எடுத்த ஏஜென்ட் மூன்றாவது நாட்டில். சம்பளம் வரவில்லை என்று எந்த வாசலில் போய்க் கேட்பது? மூன்று மாதப் பாக்கி. குடிநீரை அளந்து குடித்தோம். வாய் திறந்தால் அடுத்த கப்பல் கிடைக்காது என்ற பயத்தில் எல்லாரும் அடங்கிக் கிடந்தோம். கடைசியில் ஒருவன் துணிந்து ஐடிஎஃப்புக்குச் செய்தி அனுப்பினான். 1896இல் லண்டனில் பிறந்த போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் அது. முதலாளியின் வசதிக்காக வேறு நாட்டுக் கொடி ஏற்றும் கப்பல்களை 1948 முதல் எதிர்த்து வருகிறது.

அடுத்த துறைமுகத்தில் ஐடிஎஃப்பின் இன்ஸ்பெக்டர் அம்மா ஒருவர் ஏறி வந்தார். கேப்டன் நீட்டிய கணக்கில் எல்லாருக்கும் முழுச் சம்பளம் கொடுத்ததாக எங்கள் கையெழுத்தோடு இருந்தது! அவர் முகம் மாறவில்லை. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டு கணக்கு வைத்திருந்தது அன்றே வெளியே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மெஸ் அறையில் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பணம் வந்த பிறகும் அவர் போகவில்லை. கப்பல் கிளம்பியதும் ஏஜென்ட் அதைத் திருப்பிக் கேட்பான் என்பது அவருக்குத் தெரியும். ஊருக்குத் திரும்ப விரும்பிய ஆறு பேரை விமான நிலையம் வரை கூட்டிப்போய் விட்டார். என் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர் அவர். இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கிரேன் ஓட்டுநர்

தோழர், அந்த மூன்று நாளில் கரையில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்கிறேன். இப்படி ஒரு கப்பலுக்காக நாங்களும் நின்றிருக்கிறோம். ஆதரவு வேலைநிறுத்தம், அதாவது வேறு தொழிலாளர்களுக்காக நாங்கள் வேலையை நிறுத்துவது, எங்கள் சட்டத்தில் குற்றம். ஆனால் அந்தக் கப்பலில் ஏறும் படிப்பாலமான கேங்வேக்குக் கீழே வலை கிழிந்து தொங்கியது. பாதுகாப்பு இல்லாத கப்பலில் ஏற மறுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு, அதனால் ஏறவில்லை. அரை ஷிப்ட் சம்பளம் போனது. வருத்தமில்லை.

எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். லிவர்பூலில் மறியல் கோட்டைத் தாண்ட மறுத்ததற்காக 1995இல் சுமார் 500 துறைமுகத் தொழிலாளர்களை வெளியே தள்ளினார்கள். பிரிட்டனில் 1990லேயே ஆதரவு வேலைநிறுத்தம் முழுக்கத் தடை செய்யப்பட்டிருந்ததால், சொந்த யூனியனே அந்தப் போராட்டத்தை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. கை கொடுத்தது வெளிநாடுதான். 1997இல் அவர்களுக்கு ஆதரவாக நெப்டியூன் ஜேட் கப்பலின் சரக்கை அமெரிக்காவின் ஓக்லாந்துத் தொழிலாளர்கள் தொடவில்லை. வான்கூவரிலும் ஜப்பானிலும் அதே கதை. அப்படியும் 1998 ஜனவரியில் போராட்டத்தை முடிக்க வேண்டியதாயிற்று, வேலை திரும்பக் கிடைக்கவில்லை. உள்ளூர்ச் சட்டம் கையைக் கட்டிவிட்டால் கடல் தாண்டி வரும் உதவிக்கும் ஓர் எல்லை உண்டு. அதை மறைத்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தையல் பிரிவு

ஒரு கூட்டத்தில் வங்கதேசத் தொழிலாளி ஒருவரைச் சந்தித்தேன். இடிந்து விழுந்த ராணா பிளாசா கட்டடத்தில் முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது, கீழே இருந்த வங்கியை மூடினார்கள், தையல்காரர்களை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள் என்றார். அது 2013 ஏப்ரல் 24. இறந்தவர்கள் 1,134 பேர். அதன் பிறகு இன்டஸ்ட்ரியால், யூனி ஆகிய உலகத் தொழிற்சங்கச் சம்மேளனங்கள் ஆடை பிராண்டுகளோடு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்துவது. மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம், இழுத்தும் இருக்கிறார்கள். "விரிசல் இருந்தால் இனி நான் உள்ளே போகமாட்டேன், எழுதியே கொடுத்திருக்கிறார்கள்" என்று அந்த அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஆயிலர்

சம்பளம் வராமல் போனால் என்ன வழி என்று தனிச் செய்தியில் கேட்ட தம்பிக்கு: இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே, கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி உங்களைக் கைவிட்டதாகக் கணக்கு. 2017 முதல் நான்கு மாதப் பாக்கி வரை ஈடு செய்யக் கப்பலுக்குக் காப்பீடு இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை மெஸ் அறைப் பக்கம் ஒட்டியிருப்பார்கள், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். காண்ட்ராக்ட் நகல் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.