மறு: ‘தரவுத் திணறல்’ வேண்டாமே, நெரிசலே போதும்

> ஸ்மார்ட்போன்களின் டேட்டா தேவை ஏறிக்கொண்டே போய் நெட்வொர்க் தாங்காமல் போவதற்குத் ‘தரவுத் திணறல்’ என்று வைக்கலாமா?

வணக்கம் ஐயா,

சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திணறுவது டவரா, போனா, போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நாமா என்று அதில் தெரியவில்லை. நெரிசல் ஊரெல்லாம் புழங்குகிற சொல், அது போதும். நம்மிடம் இல்லாதது, நெரிசல் எந்த இடத்தில் என்று காட்டும் அடைமொழிகள்தான்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு வந்து பாருங்கள். போனில் சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கும். நைட்டி எடுத்த அம்மா க்யூஆர் அட்டையை ஸ்கேன் பண்ணிவிட்டு வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பார், கடைக்காரர் “பாக்ஸ்ல சவுண்டு வரலையேம்மா” என்பார். யூபிஐ-க்கு ஆகிற டேட்டா மிகக் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிசு. அப்புறம் ஏன் மாட்டுகிறது? போன் எதையும் அனுப்புமுன் ‘இடம் கொடு’ என்று டவரைக் கேட்டாக வேண்டும் (துறையில் இதற்குச் சிக்னலிங் என்று பெயர்), கூட்டத்தில் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் கேட்டால் அந்தக் கேள்விகளே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். போதாததற்கு, பேட்டரியை மிச்சம் பிடிக்க இணைப்பை அடிக்கடி விட்டுவிட்டு, புதுச் செய்தி உண்டா என்று எட்டிப் பார்க்க மறுபடி மறுபடி இணைப்பு கேட்பது ஸ்மார்ட்போனின் பழக்கம். லண்டனில் 2009-ல் ஓ2 என்ற மொபைல் நிறுவனத்தின் வலையமைப்பு தடுமாறியதில் இதற்கும் பங்கு உண்டு. இதைக் ‘குறிகை நெரிசல்’ எனலாம்.

அடுத்தது ‘அலைக்கற்றை நெரிசல்’. 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு எல்லோருக்கும் பழகிப்போனது இதுதான். 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையும் இரண்டு ஆன்டெனாவும் இருந்தால் 4ஜி காகிதத்தில் நொடிக்கு 150 மெகாபிட் தரும், அதை அந்தத் திசையில் இருக்கிற அத்தனை பேரும் பங்கு போட வேண்டும். ராயபுரம் சந்துக்குள் நாலு சுவர் தாண்டி ஒருவர் வீடியோ பார்த்தால், அவருக்கு அனுப்பவே டவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், அடுத்தவர் பங்கு அதில் போய்விடும்.

மூன்றாவதுதான் வம்பு. டவரிலிருந்து நிறுவனத்தின் மைய வலையமைப்புக்குப் போகிற ஃபைபரோ மைக்ரோவேவ் இணைப்போ, துறையில் எல்லோரும் பேக்ஹால் என்றே சொல்வது. முந்தைய மடலில் ‘பின்னிணைப்பு’ என்று பார்த்தேன், அது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போன சொல், திரும்பக் கேட்டால் கிடைக்காது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டுக்காக டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் நாட்களில் ரோட்டை அகலப்படுத்தி என்ன செய்ய? 5ஜி கருவியை மேலே மாட்டிவிட்டுக் கீழே பழைய மைக்ரோவேவையே விட்டுவைப்பதும் அப்படித்தான். ‘பின்தடம்’ என்பது என் முன்மொழிவு. பின்தட ஃபைபர், பின்தட நெரிசல் என்று ஒட்டிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

---

> இதைக் ‘குறிகை நெரிசல்’ எனலாம்.

தம்பி, திணறலை விட்டுவிடுகிறேன், பின்தடமும் சரி. குறிகையில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. அது சிக்னலுக்கு நாம் வைத்த சொல், கோடு முழுசாக இருக்கும்போது குறிகை நெரிசல் என்றால் சிக்னல் இல்லை என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். ‘அழைப்பு நெரிசல்’ என்று யோசித்தேன், போன் கால் என்று நினைத்துவிடுவார்கள். நீங்களே ‘இடம் கொடு என்று கேட்டாக வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள், ‘கேட்பு நெரிசல்’ என்றால் என்ன? கேட்புத் தொகை என்று அலுவலகத்தில் எழுதிப் பழகிய கை எனக்கு, அதனால் இடறவில்லை, மற்றவர்களுக்கு எப்படியோ. விக்சனரி இணைய அகராதியில் ஏற்றுமுன் ரெண்டு நாள் விடுங்கள், டெலிகாமில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது வாயைத் திறக்கட்டும்.