மாமியாரும் மருமகளும் உடல் மாறிவிட்டார்கள்: கதையை முடிக்க உதவி வேண்டும்

கேள்வி:
நகைச்சுவையாக ஓர் அறிவியல் புனைகதை எழுதுகிறேன். பழைய மிக்ஸியைப் பிரித்து மகன் செய்த இயந்திரத்தில் மாமியாரும் மருமகளும் உடல் மாறிவிடுகிறார்கள். உடனே திரும்பிவிட்டால் கதை ரெண்டு பக்கத்தில் முடிந்துவிடுமே என்று நானே ஒரு விதி வைத்தேன்: ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்த இரண்டு உடல்கள் மறுபடி சேர்ந்து உட்கார முடியாது. இப்போது மாட்டிக்கொண்டது நான்தான். மாமனாரை நடுவில் நுழைத்துப் பார்த்தேன். மருமகள் தன் உடலுக்கு வந்துவிட்டாள். மாமியார் மாமனாருக்குள், மாமனார் மாமியாருக்குள்! எல்லாம் கனவு என்று முடிக்க மனமில்லை.

பதில் 1:
கூடுவிட்டுக் கூடு பாய்தலில் திரும்பி வருவது எப்போதுமே சிக்கல்தான். சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனைச் சுற்றி மாடுகள் அழுததைப் பார்த்து அவன் உடலில் புகுந்த சிவயோகி, மாடுகளை வீடு சேர்த்துவிட்டு வந்து பார்த்தால் தன் உடலைக் காணோம். திருமூலராகவே இருந்துவிட்டார். உங்கள் மாமனாரும் அப்படியே இருக்கட்டுமே?

பதில் 2:
வேண்டாம், இதற்குக் கணக்கிலேயே வழி இருக்கிறது. ஃபியூச்சராமா என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரில் 2010இல் இதே விதியோடு ஒரு கதை வந்தது. எழுதிய கென் கீலர் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தக் கதைக்காகவே ஒரு தேற்றத்தை நிரூபித்தார். எத்தனை பேர் எப்படிக் கலைந்திருந்தாலும், இயந்திரத்தில் இதுவரை உட்காராத இரண்டு பேர் கிடைத்தால் எல்லோரையும் மீட்டுவிடலாம்.

மாமனாரைத் தனியாக அனுப்பியதுதான் தப்பு. அந்தப் பகுதியை அழித்துவிட்டு, கூடவே தெருமுனை இஸ்திரிக்காரரையும் கூப்பிடுங்கள். நான் சொல்வதெல்லாம் உடல்கள், உள்ளே யார் என்று பார்க்காதீர்கள். முதலில் மாமியார்–மாமனார், அடுத்து மருமகள்–இஸ்திரிக்காரர், பிறகு மாமியார்–இஸ்திரிக்காரர், மருமகள்–மாமனார், கடைசியில் மாமனார்–இஸ்திரிக்காரர். ஐந்தே மாற்றம், எந்த ஜோடியும் இரண்டாம் முறை வராது. நாலு காசு வைத்து நகர்த்திப் பாருங்கள், சரியாக வரும்.

இரண்டாவது மாற்றம் முடிந்ததும் நாலு பேருமே தப்பான உடலில் இருப்பார்கள். அந்த இடத்தில் கரண்ட் போகட்டும்.

பதில் 3:
ஒரு சின்ன விஷயம். சர்க்கரை மாத்திரை யாருக்கு என்று முடிவு செய்துவிட்டீர்களா? நோய் உடலோடு நிற்கும், மாத்திரை நேரம் மனதோடு போய்விடும். மாமியாரின் மாத்திரை வேளை மாமனாருக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

கேட்டவர்:
காசை வைத்துப் பார்த்தேன், எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். ரொம்ப நன்றி. ஆனால் கரண்டைப் போகவிட்டதிலிருந்து கதை நகரவே மாட்டேன் என்கிறது. மாமியார் இஸ்திரிக்காரராக வண்டியருகே நின்றுகொண்டு, துணி கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் "இதுதான் நீங்கள் துவைக்கிற லட்சணமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டாராம்.